"கொடுத்ததை ஏன் வாங்கவில்லை?": கேம்ப் டேவிட் பழியும் பலஸ்தீன சமாதானத்தின் எதிர்காலமும்

பலஸ்தீன் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: "2000 ஆம் ஆண்டிலேயே இஸ்ரேல் ஒரு நாட்டைக் கொடுக்க முன்வந்ததே, யாசிர் அரபாத் ஏன் வேண்டாம் என்றார்?" தொலைக்காட்சியில் நிபுணர்களும் கேட்கிறார்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் கேட்கிறார். நம்மில் பெரும்பாலானோர் இதற்குக் கோபத்தோடு பதில் சொல்கிறோம். விவரத்தோடு பதில் சொல்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. "சமாதானம் பேச மறுபக்கத்தில் ஆளில்லை" என்ற வாதம் முழுவதும் இதன் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. மேற்குக் கரையைப் பிளந்து செல்லும் பிரிப்புச் சுவரும், காஸா முற்றுகையும், குடியேற்ற விரிவாக்கமும் கடந்த கால் நூற்றாண்டாக இந்த ஒரு வாதத்தைக் காட்டியே நியாயப்படுத்தப்பட்டு வருகின்றன. எனவே 2000 ஜூலையில் உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். அதில் நமக்குப் பிடிக்காத விடயங்களும் இருக்கின்றன.

பேச்சுக்கு முன்பே கொடுக்கப்பட்ட 78 வீதம்

1947 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 181 ஆம் இலக்கத் தீர்மானம், பலஸ்தீன நிலத்தில் ஏறத்தாழ 56 வீதத்தை யூத நாட்டுக்கு ஒதுக்கியது. அப்போது யூதர்கள் மொத்தச் சனத்தொகையில் மூன்றிலொரு பங்கினர். அவர்களுக்குச் சொந்தமாக இருந்த நிலமோ 7 வீதத்துக்கும் மேற்படாது. அறபிகள் அதை நிராகரித்தனர். யுத்தம் வந்தது. 1949 இல் யுத்த நிறுத்தக் கோடுகள் வரையப்பட்டபோது இஸ்ரேலின் கையில் 78 வீதம் இருந்தது. 7 இலட்சம் அளவிலான பலஸ்தீனர்கள் அகதிகளாகியிருந்தனர். எஞ்சிய 22 வீதமான மேற்குக் கரையையும் கிழக்கு ஜெரூசலத்தையும் காஸாவையும் இஸ்ரேல் 1967 ஜூனில் கைப்பற்றிக்கொண்டது.

1988 நவம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் கூடிய பலஸ்தீன தேசிய சபை சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதே கூட்டத்தில் ஐ.நா.வின் 242 ஆம் தீர்மானத்தையும் ஏற்றது. அதன் பொருள், அந்த 22 வீத நிலத்தில் ஒரு நாடு அமைந்தால் போதும் என்பதே. ஹைபாவையும் யாபாவையும் லித்தாவையும் தன் ஊர் என்று சொல்லி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது எவ்வளவு கசப்பான முடிவு என்பதை வெளியார் அதிகம் பேசுவதில்லை.

பின்னால் வந்த அத்தனை பேச்சுகளின் குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பலஸ்தீனரைப் பொறுத்தவரை விட்டுக்கொடுப்பு 1988 இல் முடிந்துவிட்டது. இனிப் பெற வேண்டியதே பாக்கி. இஸ்ரேலைப் பொறுத்தவரை பேரம் அந்த 22 வீதத்தில்தான் தொடங்குகிறது. அதில் 90 வீதத்தைக் கொடுப்பது தாராளம் என்று ஒரு தரப்பு நினைத்தது. தன்னிடம் மிஞ்சியதிலும் பத்தில் ஒரு பங்கைப் பிடுங்குகிறார்கள் என்று மறுதரப்பு நினைத்தது.

ஒஸ்லோ விட்டுச் சென்ற ஓட்டை

1993 செப்டெம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ரபீனும் அரபாத்தும் கைகொடுத்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு நான்கு நாட்களுக்கு முன் பரிமாறப்பட்ட கடிதங்களைத்தான் பலர் படித்ததில்லை. பலஸ்தீன விடுதலை இயக்கம் தன் கடிதத்தில், சமாதானத்தோடும் பாதுகாப்போடும் வாழும் இஸ்ரேலின் உரிமையை அங்கீகரித்தது. இஸ்ரேல் தன் கடிதத்தில் அந்த இயக்கத்தைப் பலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக மட்டும் அங்கீகரித்தது. பலஸ்தீன நாடு என்ற சொல் அதில் இல்லை. ஜெரூசலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள், பாதுகாப்பு என்ற ஐந்து பெரும் பிரச்சினைகளும் பின்னர் பேசலாம் என்று ஒத்திவைக்கப்பட்டன. ஐந்தாண்டு இடைக்காலம் 1999 மே 4 இல் முடிந்தபோது அவற்றில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்கவில்லை.

ஒத்திவைக்கப்பட்டது பேச்சு மட்டுமே. புல்டோசர்கள் ஒத்திவைக்கப்படவில்லை. 1993 இல் மேற்குக் கரையில், கிழக்கு ஜெரூசலத்தைச் சேர்க்காமல், 1,10,000 அளவில் இருந்த யூதக் குடியேற்றவாசிகள் 2000 ஆம் ஆண்டில் 1,90,000 ஐத் தாண்டிவிட்டனர். ஒரு ரொட்டியைப் பங்கிடுவது பற்றி இருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அதைத் தின்றுகொண்டிருந்தால் மற்றவருக்குப் பேச்சில் எப்படி நம்பிக்கை வரும்?

இரு தரப்பிலும் ஒப்பந்தத்தைக் கொல்ல நினைத்தவர்கள் தங்கள் வேலையை முறை வைத்துச் செய்தார்கள். 1994 பெப்ரவரி 25, ரமழான் மாதச் சுபஹுத் தொழுகையில், ஹெப்ரோன் இப்றாஹீமி பள்ளிவாசலில் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேற்றவாசி 29 தொழுகையாளிகளைச் சுட்டுக் கொன்றான். நாற்பது நாட்களின் பின் அபூலா நகரில் ஹமாஸின் குண்டு வெடித்தது. 1995 நவம்பர் 4 இல் ரபீனைக் கொன்றவன் ஒரு யூதன். 1996 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பஸ் வண்டிகளில் வெடித்த குண்டுகள், முன்னணியில் இருந்த ஷிமோன் பெரஸைப் பின்தள்ளி நெதன்யாஹூவைப் பிரதமர் கதிரையில் ஏற்ற உதவின. ஒஸ்லோவை வெளிப்படையாகவே எதிர்த்த ஒருவரை ஆட்சிக்குக் கொண்டுவர உதவியது ஒஸ்லோவை எதிர்த்த மறுதரப்புத்தான்.

மலை மாளிகையில் பதினைந்து நாட்கள்

1999 இல் பிரதமரான எஹூத் பராக் முதலில் சிரியாவோடு பேசப் போனார். அது தோற்றபின்தான் பலஸ்தீனரிடம் திரும்பினார். அதற்குள் ஓராண்டு போய்விட்டது. முந்தைய ஒப்பந்தங்களின்படி செய்ய வேண்டிய மூன்றாம் கட்டப் படை விலக்கலை அவர் செய்யவில்லை. ஜெரூசலத்தை ஒட்டிய அபூதீஸ் உள்ளிட்ட மூன்று கிராமங்களைத் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. சின்னச் சின்னதாகக் கொடுத்து அரசியல் பலத்தை இழப்பதை விட எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடிப்பது மேல் என்பது அவரது கணக்கு. சொன்னதைச் செய்யாதவர் சொல்லப்போவதை எப்படி நம்புவது என்பது பலஸ்தீனரின் கணக்கு.

உச்சிமாநாடு வேண்டாம், ஆயத்தம் போதாது என்று அரபாத் அமெரிக்கர்களிடம் சொன்னார். தோற்றால் உங்கள் மீது பழி போட மாட்டோம் என்று ஜனாதிபதி கிளின்டன் உறுதி கொடுத்தே அவரை வரவழைத்தார். பராக்கின் நிலையும் உறுதியாக இல்லை. புறப்படும் முன்னரே மூன்று கட்சிகள் அவரது கூட்டணியை விட்டு விலகிவிட்டன.

2000 ஜூலை 11 முதல் 25 வரை பேச்சு நடந்தது. அத்தனை நாட்களிலும் பராக்கும் அரபாத்தும் தனியாக உட்கார்ந்து விடயத்தைப் பேசவில்லை. மேசையில் எழுத்து மூலமான இஸ்ரேலிய முன்மொழிவு எதுவும் வைக்கப்படவில்லை. யோசனைகள் அமெரிக்கர்களின் வாய்வழியாக, அமெரிக்க யோசனைகள் போலவே வந்தன. "கொடுத்ததை ஏன் வாங்கவில்லை" என்று கேட்பவர்கள், கொடுத்த கடதாசி எங்கே என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அந்த யோசனைகளின் சாரம் இதுதான். மேற்குக் கரையில் 9 வீதத்தை இஸ்ரேல் இணைத்துக்கொள்ளும். பதிலுக்கு 1 வீத அளவான நிலத்தைத் தன் பக்கத்திலிருந்து தரும். ஜோர்தான் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் நீண்ட காலம் இஸ்ரேலியக் கட்டுப்பாடு இருக்கும். இந்த வீதக் கணக்கில் 1967 இன் பின் இஸ்ரேல் ஜெரூசலத்தோடு இணைத்துக்கொண்ட பகுதி சேர்க்கப்படவில்லை. அகதிகள் பற்றி உருப்படியான எதுவும் பேசப்படவில்லை. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: இதற்கு முன் எந்த இஸ்ரேலியப் பிரதமரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. ஜெரூசலத்தைப் பிரிப்பது பற்றிப் பேசுவதே இஸ்ரேலில் அன்றுவரை அரசியல் தற்கொலை.

ஆனால் மாநாடு உடைந்ததும் ஜெரூசலத்தில்தான். கிழக்கு ஜெரூசலத்தின் வெளிப்புற அறபுக் குடியிருப்புகளில் பலஸ்தீனருக்கு இறைமை, உட்புறக் குடியிருப்புகளில் குறைந்த அதிகாரம், ஹரம் ஷரீபின் மீது 'பாதுகாவலர்' பொறுப்பு என்று யோசனைகள் வந்தன. மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்துள்ள அந்த வளவின் இறுதி இறைமை இஸ்ரேலிடமே இருக்கும். மேற்பரப்பு ஒருவருக்கு, நிலத்தடி மற்றவருக்கு என்றுகூட ஒரு யோசனை சுற்றியது. இதில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பினால் கிளின்டன் தன் ஜனாஸாவுக்குத்தான் வரவேண்டியிருக்கும் என்ற கருத்தில் அரபாத் பேசியதாக அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மஸ்ஜிதுல் அக்ஸா உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் உரியது, தனக்கு மட்டும் உரியதல்ல என்பது அவரது வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் எகிப்தையும் சவூதியையும் முன்கூட்டிக் கலந்தாலோசிக்க அமெரிக்கர்களுக்குத் தோன்றவில்லை. நெருக்கடி முற்றியபின் தொலைபேசி எடுத்தார்கள். அறபுத் தலைவர்களும் எந்தப் பக்கமும் வாய் திறக்காமல் தப்பித்துக்கொண்டார்கள்.

அரபாத் அங்கே செய்த ஒரு காரியம் நமக்குத் தர்மசங்கடமானது. யூதர்களின் ஆலயம் ஜெரூசலத்தில் இருந்ததே இல்லை என்று அவர் கிளின்டனிடம் வாதிட்டார். இது தேவையற்ற வாதம். பைத்துல் முகத்தஸைக் கட்டி முடித்த ஸுலைமான் (அலை) அவர்களின் துஆ பற்றிய ஹதீஸை நமது மத்ரஸாப் பிள்ளைகளே அறிவார்கள். ஒரு மக்களின் வரலாற்றை மறுத்துத்தான் நமது உரிமையை நிலைநாட்ட வேண்டும் என்பதில்லை. இஸ்ரேலியரில் நடுநிலையாளர்களாக இருந்தவர்களையும் அந்தப் பேச்சு திடுக்கிட வைத்தது. நேர்மையற்றவர் என்று அரபாத்தைக் காட்ட விரும்பியவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தது.

அதைவிடப் பெரிய தவறு, பலஸ்தீனக் குழு தன் பக்கத்திலிருந்து முழுமையான மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைக்காதது. அபூ மாஸினும் அபூ அலாவும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையும் விட்டுக்கொடுத்தவர் என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது 'இல்லை' என்று சொன்னால் போதும் என்ற நினைப்பு பேச்சுவார்த்தை மேசையில் உதவாது.

தீர்ப்பு எழுதப்பட்ட விதம்

ஜூலை 25 அன்று கிளின்டன், கொடுத்த வாக்கை மறந்தார். பராக்கின் துணிவையும் தூரநோக்கையும் புகழ்ந்து, அரபாத்தைப் பற்றி அடக்கி வாசித்தார். யார் மீது பழி என்பது உலகத்துக்கு விளங்கிவிட்டது. பராக் அதையும் தாண்டிப் போனார். தான் எல்லாவற்றையும் கொடுத்தும் அரபாத் மறுத்துவிட்டதாகவும், அவரது உண்மை முகத்தைத் தான் வெளிப்படுத்திவிட்டதாகவும், சமாதானத்துக்கு மறுபக்கத்தில் ஆளில்லை என்றும் நாடு முழுவதும் பேசினார். கிடைத்த சந்தர்ப்பத்தைத் தவறவிடுவதில் அறபிகள் ஒருபோதும் தவறியதில்லை என்று அப்பா எபான் முன்பு அடித்த கிண்டல் மீண்டும் எல்லார் வாயிலும் வந்தது.

செப்டெம்பர் 28 இல் ஏரியல் ஷரோன் நூற்றுக்கணக்கான பொலிஸாரோடு ஹரம் ஷரீபுக்குள் நுழைந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே பலஸ்தீனர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டாவது இன்திபாழா வெடித்தது. ஜூலையில் எழுதிய தீர்ப்புக்கு இது சாட்சியாக்கப்பட்டது. அரபாத் திட்டமிட்டே வன்முறையைத் தொடக்கினார் என்றார்கள்.

இந்தத் தீர்ப்பை மறுத்தவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிளின்டனின் மத்திய கிழக்கு ஆலோசகராகக் கேம்ப் டேவிட்டில் இருந்த ரொபர்ட் மாலி, ஹுசைன் ஆகாவோடு சேர்ந்து 2001 ஓகஸ்டில் எழுதிய நீண்ட கட்டுரையில், தோல்வி மூவரின் தவறுகளாலும் விளைந்தது என்று விவரித்தார். இன்னொரு அமெரிக்கப் பேச்சாளரான ஏரன் டேவிட் மில்லர், தாங்கள் நடுவராக நடக்காமல் இஸ்ரேலின் வழக்கறிஞராகவே நடந்துகொண்டதாகப் பின்னர் எழுதினார். பராக்கின் அமைச்சராகவே அங்கு சென்ற ஷ்லோமோ பென் அமி, தான் ஒரு பலஸ்தீனராக இருந்திருந்தால் தானும் கேம்ப் டேவிட் யோசனைகளை நிராகரித்திருப்பேன் என்று 2006 இல் பகிரங்க விவாதம் ஒன்றில் சொன்னார். இஸ்ரேலிய இராணுவப் புலனாய்வுத் தலைவராக இருந்த அமோஸ் மல்கா, அரபாத் வன்முறையைத் திட்டமிட்டார் என்பதற்குத் தன் பிரிவில் ஆதாரம் இருக்கவில்லை என்ற விபரத்தை 2004 இல் வெளியிட்டார். முன்னாள் அமெரிக்க செனட்டர் ஜோர்ஜ் மிச்சல் தலைமையிலான சர்வதேசக் குழுவும் 2001 இல் அதே முடிவுக்கு வந்தது. வன்முறையை நிறுத்த அந்தக் குழு பரிந்துரைத்தவற்றுள் ஒன்று, குடியேற்றக் கட்டுமானங்களை முற்றாக நிறுத்துவது.

மறுபக்கத்தில் அமெரிக்கத் தூதுவர் டெனிஸ் ரோஸ், முழுப் பொறுப்பும் அரபாத்துடையதே என்று இன்றும் வாதிடுபவர். அவரது தர்க்கமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அதன் பலமான பகுதி கேம்ப் டேவிட்டைப் பற்றியதல்ல. அதன் பின் வந்த டிசெம்பரைப் பற்றியது. டிசெம்பர் 23 அன்று கிளின்டன் வாசித்த அளவுகோல்கள் மிகவும் முன்னேறியவை. மேற்குக் கரையில் 94 முதல் 96 வீதம், அதோடு நிலப் பரிமாற்றம், அறபுக் குடியிருப்புகளும் ஹரம் ஷரீபும் பலஸ்தீன இறைமையின் கீழ். இஸ்ரேலிய அமைச்சரவை நிபந்தனைகளோடு ஏற்றது. அரபாத் பத்து நாள் தாமதித்து, நீண்ட நிபந்தனைகளோடு ஏற்றார். கிளின்டனுக்கு எஞ்சியிருந்ததோ மூன்று வாரத்துக்கும் குறைவு. என் பார்வையில் அரபாத்தின் உண்மையான தவறு ஜூலையில் மறுத்ததல்ல. டிசெம்பரில் தயங்கியதுதான்.

பதிவாகாத மறுப்புகள்

2001 ஜனவரி 21 முதல் 27 வரை எகிப்தின் தாபா நகரில் இரு தரப்பும் மீண்டும் அமர்ந்தன. இம்முறை வரைபடங்கள் இருந்தன; அகதிகள் பற்றியும் எழுத்தில் பேசினார்கள். உடன்பாட்டுக்கு இவ்வளவு அருகில் ஒருபோதும் வந்ததில்லை என்று கூட்டறிக்கையில் இருவரும் சொன்னார்கள். அங்கிருந்து எழுந்து போனவர்கள் பலஸ்தீனர் அல்லர். பெப்ரவரி 6 தேர்தலுக்காகப் பேச்சு நின்றது. பராக் படுதோல்வியடைந்தார். வென்ற ஷரோன் அந்த மேசைக்குத் திரும்பவே இல்லை. ஆறு மாதங்களாக ஆளில்லை ஆளில்லை என்று கேட்டுப் பழகிய வாக்காளர்கள், பேச்சுக்குப் போகாத ஒருவரைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை.

2002 மார்ச் 28 அன்று பெய்ரூத்தில் அறபு லீக்கின் உச்சிமாநாடு, சவூதி இளவரசர் அப்துல்லாஹ் முன்வைத்த சமாதானத் திட்டத்தை ஏற்றது. 1967 நிலங்களிலிருந்து முழு விலகல், கிழக்கு ஜெரூசலத்தைத் தலைநகராகக் கொண்ட பலஸ்தீன நாடு, அகதிகளுக்கு இரு தரப்பும் உடன்படும் நியாயமான தீர்வு. பதிலுக்கு எல்லா அறபு நாடுகளும் இஸ்ரேலோடு வழமையான உறவு வைக்கும். 1967 இல் கார்ட்டூமில் மூன்று 'இல்லை' சொன்ன அதே அறபுலகத்தின் ஒருமித்த 'ஆம்' இது. பின்னர் இஸ்லாமிய நாடுகளின் அமைப்பும் இதை ஆதரித்தது. இஸ்ரேல் இன்றுவரை இதை ஏற்கவில்லை. அரபாத்தின் மறுப்பை அறிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால் இந்த மறுப்பை அறிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்களா?

இதிலும் நமது பக்கத்துக் கதை ஒன்று உண்டு. தீர்மானம் நிறைவேறுவதற்கு முந்திய இரவு, நெதன்யா நகர விடுதியொன்றில் யூதப் பண்டிகை விருந்தில் அமர்ந்திருந்தவர்கள் மத்தியில் ஹமாஸ் உறுப்பினர் ஒருவர் குண்டை வெடிக்கச் செய்தார். 30 பேர் இறந்தனர். மார்ச் 29 இல் ஷரோனின் டாங்கிகள் ரமல்லாவுக்குள் நுழைந்தன. அறபுலகம் கொடுத்த மிகப் பெரிய சமாதானச் செய்தி ஒரே நாளில் தலைப்புச் செய்தியிலிருந்து இறங்கிப்போனது.

சிவிலியன்களைக் குறிவைத்த அந்தக் குண்டுகளுக்கு மார்க்க ரீதியாகவும் நியாயம் இல்லை. போரில் பெண்களையும் சிறுவர்களையும் கொல்லக் கூடாது என்பது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளை. அரசியல் ரீதியாகவும் அவை நாசம் செய்தன. 1992 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 44 ஆசனங்கள், அதற்கும் இடதுபக்கமாக நின்ற மெரட்ஸுக்கு 12. 2022 இல் தொழிற்கட்சிக்கு 4, மெரட்ஸுக்கு ஒன்றுமில்லை. இஸ்ரேலில் சமாதானம் பேசிய முகாமைப் பாதி பராக்கின் பழிச்சொல் கொன்றது, மீதியைப் பஸ் குண்டுகள் கொன்றன.

2008 இல் எஹூத் ஒல்மர்ட் அபூ மாஸினுக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினார். கையில் கொடுக்க மறுத்தார். அபூ மாஸின் அதை ஒரு தாளில் கையால் வரைந்துகொண்டு போனார். ஊழல் விசாரணையால் பதவி விலகுவதாக ஒல்மர்ட் அதற்கு முன்னரே அறிவித்திருந்தார். அதுவும் 'பலஸ்தீனர் மறுத்த' பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இன்று மிஞ்சியிருப்பது

2023 ஒக்டோபர் 7 இல் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, 250 பேர் அளவில் பணயக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதன் பின் இரண்டாண்டுகளில் காஸாவில் கொல்லப்பட்டவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்கில், 67,000 க்கும் மேல். 2025 ஒக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. இந்த அளவு இரத்தத்தின் பின் சமாதானம் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் நிலைமையை நிலைமையாகப் பார்க்க வேண்டும். சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 இல், ஆக்கிரமிப்பே சட்டவிரோதமானது, இஸ்ரேல் விரைவில் வெளியேற வேண்டும் என்று அபிப்பிராயம் வழங்கியது. 2025 செப்டெம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, அவுஸ்திரேலியா ஆகியவை பலஸ்தீன நாட்டை அங்கீகரித்தன. அதே மாதம் இரு நாட்டுத் தீர்வுக்கான பிரகடனத்துக்குப் பொதுச்சபையில் 142 நாடுகள் வாக்களித்தன. உலக அபிப்பிராயம் இவ்வளவு தெளிவாக முன்பு இருந்ததில்லை.

மறுபக்கத்தில், இஸ்ரேலியப் பாராளுமன்றம் 2024 ஜூலையில் 68 க்கு 9 என்ற வாக்குகளால் பலஸ்தீன நாடு உருவாவதையே நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆளில்லை என்று இத்தனை காலம் மறுபக்கத்தை நோக்கி விரல் நீட்டியவர்கள் இதை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள்? காஸாவையும் மேற்குக் கரையையும் பிரித்து வைப்பதும் தற்செயலாக நடந்ததல்ல. ஹமாஸ் ஆளும் காஸாவுக்கு 2018 முதல் கத்தாரின் பணம் போக அனுமதித்தது நெதன்யாஹூவின் அரசுதான். அதே காலத்தில் பேசத் தயாராக இருந்த ரமல்லா நிர்வாகத்தின் வரிப்பணம் பலமுறை தடுத்து வைக்கப்பட்டது.

பலஸ்தீனத் தலைமையின் நிலையும் சொல்லும்படியாக இல்லை. கடைசி ஜனாதிபதித் தேர்தல் 2005 இல், பாராளுமன்றத் தேர்தல் 2006 இல். 2021 இல் நடக்கவிருந்த தேர்தலை அபூ மாஸின் ஒத்திவைத்தார். 2007 ஜூனில் பத்ஹும் ஹமாஸும் ஒருவரையொருவர் சுட்டுப் பிரிந்த பிளவு இன்னும் மூடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இஸ்ரேலியச் சிறையில் இருக்கும் மர்வான் பர்கூத்தியே கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் நிற்கிறார் என்றால், வெளியில் இருப்பவர்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது விளங்கும். ஹமாஸ் 2017 இல் வெளியிட்ட ஆவணத்தில் 1967 எல்லைக்குள் ஒரு நாட்டை ஏற்கத் தயார் என்றது. ஆனால் இஸ்ரேலை அங்கீகரிக்க மறுத்தது. அந்த ஆவணத்துக்கும் ஒக்டோபர் 7 க்கும் இடையிலான தூரத்தை அதன் தலைவர்கள்தான் தம் மக்களுக்கு விளக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை எங்காவது ஒரு புல்வெளியில் இரு தலைவர்கள் கைகொடுத்தால் அந்தப் படத்தைப் பார்ப்பதை விட நிலத்தைப் பார்ப்பது நல்லது. மேற்குக் கரையின் ஏறத்தாழ 60 வீதமான 'சி' பிரிவில் ஒரு பலஸ்தீனர் வீடு கட்ட அனுமதி கிடைக்கிறதா? குடியேற்றவாசிகளின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா? ஒஸ்லோவின்போது 1,10,000 ஆக இருந்தது இன்று 5 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கிழக்கு ஜெரூசலத்தில் மேலும் 2 இலட்சத்துக்கு மேல். கிளின்டன் காலத்தில் சிறிய நிலப் பரிமாற்றத்தால் அவர்களில் 80 வீதமானோரை இஸ்ரேலின் எல்லைக்குள் அடக்கிவிடலாம் என்று வரைபடம் வரைந்தார்கள். 2005 இல் காஸாவிலிருந்து சுமார் 8,000 பேரை வெளியேற்றவே இஸ்ரேல் தன் இராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது. (இந்தக் கணக்குகளைப் பதிவு செய்வதில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. ஆக்கிரமிப்பு நிலங்களில் இஸ்ரேலின் நடவடிக்கைகளை ஆராய 1968 டிசெம்பரில் பொதுச்சபை அமைத்த மூன்று நாட்டு விசேட குழுவில் இலங்கை தொடக்கம் முதலே அங்கம் வகிக்கிறது. அக்குழுவுக்கு அந்த நிலத்தில் கால் வைக்க இஸ்ரேல் அனுமதிப்பதில்லை.)

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஜெரூசலத்துக்கும் மஆலே அதுமிம் குடியேற்றத்துக்கும் இடையிலுள்ள 'ஈ 1' என்ற வெற்றுக் குன்றுப் பகுதி. அங்கே வீடுகள் எழுந்தால் ரமல்லாவும் பெத்லஹேமும் துண்டிக்கப்படும்; கிழக்கு ஜெரூசலம் தன் பின்னிலத்தை இழக்கும். அதன் பின் இரு நாட்டுத் தீர்வு என்பது வரைபடத்தில்கூட வரைய முடியாத ஒன்றாகிவிடும். அமெரிக்க, ஐரோப்பிய எதிர்ப்பினால் பல தடவை தள்ளிப்போடப்பட்ட இந்தத் திட்டத்துக்கு 2025 ஓகஸ்டில் இறுதி அனுமதி கொடுக்கப்பட்டது. சுமார் 3,400 வீடுகள். பலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே புதைப்பதுதான் இதன் நோக்கம் என்று நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் மறைக்காமல் சொன்னார்.

அந்தக் குன்றுகளை ஒட்டி கான் அல் அஹ்மர் என்ற பதவிகளின் கிராமம் இருக்கிறது. பழைய டயர்களையும் களிமண்ணையும் வைத்து 2009 இல் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று அங்கே உண்டு. கிராமத்தை இடிக்க இஸ்ரேலிய உயர் நீதிமன்றம் 2018 இல் அனுமதி கொடுத்தது. உலகம் சத்தம் போட்டதால் புல்டோசர்கள் இன்னும் போகவில்லை.